ஐப்பசி மழைக்கு மறுநாள், எங்கள் கொறங்காட்டில்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். காங்கேயத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையை விட்டு விலகி, இருபுறமும் வேலி கொண்ட ஓர் இட்டேரிப் பாதை வழியாக நடந்து வந்து, எங்கள் கொறங்காட்டுக்குள் அமர்ந்து இந்தப் பதிவைச் செய்கிறேன். நேற்றிரவு நல்ல மழை. எனக்குப் பின்னால் தெரியும் வெள்வேல மரங்களிலிருந்து இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருக்கிறது.

வெளியூர் நேயர்களுக்காகக் கொறங்காட்டைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். இது காடும் அன்று, வயலும் அன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெய்யும் இந்த மேட்டு நிலத்தில், சுற்றிலும் முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, நிழலுக்கும் நெற்றுக்குமாக வெள்வேல மரங்களைக் காத்து, நம் முன்னோர் உருவாக்கிய மேய்ச்சல் நிலம். காங்கேயம் மாடுகள் இந்தப் புல்லைத் தின்று வளர்ந்தவை. வைகாசி வெயிலில் வந்து பார்த்தால், இங்கே ஒன்றும் இல்லை என்றே எவரும் சொல்வார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என் தந்தை காலமானார். கொடுமுடியில், காவிரியில் அவருடைய அஸ்தியைக் கரைத்துவிட்டுக் கரையேறிய அந்த நிமிடத்திலிருந்து என்னால் இறைவனை வணங்க முடியவில்லை. கோபம் என்று சொல்ல மாட்டேன்; கோபம் இருந்திருந்தால் அதுவும் ஓர் உறவாக இருந்திருக்கும். கோயிலுக்குச் சென்றேன், முருகன் கோயில் கொண்ட சிவன்மலைப் படிகளில் ஏறினேன், பழக்கத்தினால் கை திருநீற்றைப் பூசிக்கொண்டது, ஆனால் உள்ளே எதுவும் அசையவில்லை.

சென்ற ஆண்டு இதே ஐப்பசியில், இந்த நிலத்தை விற்றுவிடலாம் என்ற எண்ணத்துடன் எல்லைக் கற்களைப் பார்க்க வந்தேன். அன்றும் முந்தைய இரவில் மழை பெய்திருந்தது. கடவில் இருந்த படலைத் திறந்து உள்ளே கால் வைக்கப் போனபோது, பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தா ஒருவர் குரல் கொடுத்தார்: “சாமி, பாத்துக் கால வெய்யி. கீழ பட்டுப்பூச்சி போவுது.”

குனிந்து பார்த்தேன். ஈரச் செம்மண்ணில், புல் தூர்களுக்கு இடையில், துவரம்பருப்பு அளவில், சிவப்புப் பட்டுத்துணியைக் கத்தரித்துப் போட்டது போல ஏதோ நகர்ந்தது. ஒன்றைக் கண்டதும் பத்து தெரிந்தன; பத்தைக் கண்டதும் நூறு தெரிந்தன. அத்தனை சிவப்பை நான் எந்தச் சேலையிலும் கண்டதில்லை. ஒன்றின் முன்னால் விரலை வைத்தபோது, அது எட்டுக் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு சற்று நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு மெல்ல என் விரல் மீதே ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போயிற்று.

இது பூச்சி என்று அழைக்கப்பட்டாலும் சிலந்தியின் உறவு. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துவிட்டு, மழை மண்ணை நனைத்த பிறகு சில மணி நேரம் மேலே வருகிறது. ஈசல் கிளம்பும் நேரத்தில் அதை உண்பதற்கும் இணை சேர்வதற்கும் வருகிறது. நம் சங்கப் புலவர்கள் இதை ‘ஈயல் மூதாய்’ என்று பாடினார்கள். ஈயல் என்பதுதான் ஈசல். முல்லை நிலத்து மழைக்காலத்தை ஊன்றிப் பார்த்தவர்கள் இட்ட பெயர் அது என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் உடல் சிலிர்க்கிறது. பிற்காலத்தில் இந்திரகோபம் என்றும் சொன்னார்கள்.

அன்று எவ்வளவு நேரம் முழங்காலிட்டு அமர்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. எழ முயன்றபோதுதான், என் நெற்றி ஏறக்குறைய மண்ணைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்திருந்ததை உணர்ந்தேன். இரண்டு ஆண்டுகளாக எந்தச் சந்நிதியிலும் வளையாத உடல் அது. என் தந்தை ஐம்பது ஆண்டுகள் மாடு ஓட்டிச் சென்ற இந்த மண்ணுக்குள், நான் ஒன்றுமில்லை என்று கடந்துபோன நாட்களிலெல்லாம் இந்தச் சிவப்பு காத்துக்கிடந்திருக்கிறது. அழுதேன். அழுகையின் நடுவில், முருகா என்று வாய் தானாகச் சொல்லியது. கேட்பதற்கு எதுவும் இல்லாமல், பெயரை மட்டும் சொன்னேன்.

அந்த ஆத்தா ஆடுகளை ஓட்டிக்கொண்டு என்னைக் கடந்து போனார். என்ன ஏது என்று எதுவும் கேட்கவில்லை. அதற்காக அவருக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

எல்லைக் கற்களை அன்று நான் பார்க்கவில்லை. இந்த ஆண்டு கோடையில், கிளுவை பட்டுப்போயிருந்த இடங்களில் புதிய போத்துகளை, அதாவது வெட்டிய கிளைகளை, நட்டேன். அவற்றில் பல துளிர்த்திருக்கின்றன.

இப்போது கேமராவைத் தரைக்கு அருகில் கொண்டு செல்கிறேன். இதோ, இந்தப் புல் தூரின் இடப்பக்கம் பாருங்கள். இன்று இதுவரை ஏழு கண்டேன். வெயில் ஏறிவிட்டால் இவை மண்ணுக்குள் திரும்பிவிடும். அதனால் பேச்சை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.