பாதி காலியான டேங்கும் ஃபோமும்

நேயர்களுக்கு வணக்கம்.

ராணுவ விமானத்தில் எந்த எரிபொருள் டேங்க் ஆபத்தானது? நிரம்பியதுதான் என்று தோன்றும். பயப்பட வேண்டியதோ பாதி காலியானதற்கு. எரிபொருள் குறையக் குறைய, மேலே காற்றும் ஆவியும் கலந்து நிற்கும். தீக்குண்டு அங்கே புகுந்தால் டேங்கே வெடித்துவிடும்.

இதற்காகத்தான் வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கர்கள் டேங்குக்குள் பாலியூரிதேன் ஃபோமை அடைத்தார்கள். வலைபோலக் கண் திறந்த ஃபோம். ஏறக்குறைய 97 சதவீதம் வெற்றிடம். அதனால் எரிபொருள் கொள்ளளவு பெரிதாகக் குறையாது. தீ கிளம்பினாலும் பரவ வழி கிடைக்காமல் அழுத்தம் ஏறுவதற்குள் தணிந்துவிடும்.

டேங்கைச் சுற்றியுள்ள வெற்று அறைகளிலும் ஃபோம் வைப்பதுண்டு. அது கெட்டியான வேறு ரகம். டேங்கில் ஓட்டை விழுந்தால் எரிபொருள் முதலில் கசிவது இந்த அறைகளுக்குள்தானே!

சரி, இதை எப்படிச் சோதிப்பது? ஒரு துண்டை வெட்டிக் கொளுத்திப் பார்த்தால் போதாது. கலிபோர்னியாவின் சைனா லேக் சோதனைக்கூடத்தில் நிஜ இறக்கையையே நிறுத்திச் சுடுகிறார்கள். ஜெட் எஞ்சின்களைக் கொண்டு அதன்மேல் பலத்த காற்றையும் வீசுகிறார்கள். காற்று எதற்கு? குண்டு துளைத்த இடத்தில் தகடு கிழிந்து இதழ் இதழாக விரிந்து நிற்கும். அந்த மறைவில் சுடர் ஒதுங்கி அணையாமல் எரியக்கூடும். காற்றில்லாத சோதனை இதைக் காட்டாது.

துப்பாக்கிச் சோதனை மட்டும் போதும் என்று இருந்துவிடவும் முடியாது. பாலியூரிதேன் ஃபோமில் முதலில் வந்த பாலியெஸ்டர் ரகம் ஈரத்திலும் வெப்பத்திலும் நாளடைவில் பொடிந்தது. அப்புறம் வந்த பாலியீதர் ரகம் நீடித்து உழைத்தது. ஆனால் மின்சாரம் கடத்தாது. எரிபொருள் நிரப்பும்போது ஏற்பட்ட உராய்வில் நிலைமின்சாரம் சேர்ந்து, பொறி பறந்து, சில விமானங்களின் டேங்குக்குள்ளேயே தீப்பிடித்தது. பாதுகாப்புக்காக வைத்ததே கொளுத்தியது! பிறகுதான் மின்கடத்தும் ஃபோம் வந்தது. குண்டு துளைப்பதைவிட, சாதாரணமாக எரிபொருள் நிரப்பும் வேளைக்கான சோதனையைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அது விமானத்துக்கு அன்றாட வேலை.

எடை கூடும், பராமரிப்பு தொல்லை என்று ஃபோமைத் தவிர்த்தவர்களும் உண்டு. 2005 ஜனவரி 30 அன்று ஈராக்கில் பிரிட்டிஷ் விமானப்படையின் ஹெர்குலிஸ் சரக்கு விமானம் ஒன்று சுடப்பட்டு, இறக்கை டேங்க் வெடித்து, அதிலிருந்த 10 பேரும் இறந்தார்கள். அதன் டேங்குகளில் ஃபோம் இல்லை. பிரிட்டனின் மற்ற ஹெர்குலிஸ் விமானங்களுக்கு அதைப் பொருத்தும் வேலை அதற்குப் பிறகே தொடங்கியது.