வாட்ஸ்அப்பே பிரேக் போட்டது ஏன்?

நடுவர் அவர்களே, நொடியில் பரவும் செய்தி மக்களாட்சியை வளர்க்கிறதா, கெடுக்கிறதா என்பது தலைப்பு. கெடுக்கிறது என்பது என் கட்சி. செல்போன் நேரலையைப் பார்த்துத் திரண்ட மக்கள்தான் தென்கொரியாவின் மக்களாட்சியைக் காப்பாற்றினார்கள் என்று சொல்லி எதிரணித் தலைவி அம்மா கைதட்டல் வாங்கினார்கள். நானும்தான் தட்டினேன். ஆனால் கதையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டீர்களே அம்மா!

2024 டிசம்பர் 3 இரவு. அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டம், அதாவது நாட்டை ராணுவத்தின் பிடியில் கொடுக்கும் உத்தரவு, அறிவிக்கிறார். எதிர்க்கட்சித் தலைவர் லீ ஜே மியுங் காரில் போய்க்கொண்டே நேரலையில் மக்களைக் கூப்பிடுகிறார். நாடாளுமன்ற வாசலில் கூட்டம் திரள்கிறது. இதுவரை செல்போன் செய்த வேலை, இல்லையென்று சொல்லவில்லை. அப்புறம்? சிப்பாய்கள் ஜன்னலை உடைத்து உள்ளே வந்துவிட்டார்கள். உறுப்பினர்கள் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று கத்துகிறார்கள். சபாநாயகர் வூ வொன் ஷிக் அசையவில்லை. அவரே வேலி ஏறிக் குதித்து வந்த மனிதர்தான்! ராணுவச் சட்டத்தை நீக்கும் தீர்மானம் முறைப்படி பதிவாகட்டும், நடைமுறையில் குறை வைக்கக் கூடாது என்று காத்திருந்தார். ஒரு மணி வாக்கில் வாக்கெடுப்பு. வந்திருந்த 190 பேரும் ராணுவச் சட்டத்துக்கு எதிராக! ஆளைச் சேர்த்தது வேகம். தீர்மானத்தில் யாரும் ஓட்டை கண்டுபிடிக்க முடியாமல் செய்தது அந்தக் காத்திருப்பு.

காத்திருக்காத இடத்தில் என்ன நடக்கும்? 2018 மே, திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கம். குலதெய்வம் கும்பிட வந்த குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வருகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி அதற்கு முன்பே ஊருக்குள் வந்திருந்தது. 65 வயது அம்மாவை அடித்தே கொன்றார்கள். எதிர்த்தரப்பைக் கேட்காமல் எழுதிய தீர்ப்பு அது.

நாட்டில் இப்படிப் பல கொலைகள் நடந்த பிறகு, அதே ஆண்டு ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 பேர் அல்லது குரூப்புகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை சுற்றிய செய்தி என்றால் ஒரு தடவைக்கு ஒரே இடம்தான் என்றது. அத்தகைய ஃபார்வர்டுகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. வேகம் அவ்வளவு நல்லதென்றால், விற்கிறவரே ஏன் ஐயா பிரேக் போட்டார்?

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே நிமிடம். தேர்தல் சட்டத்தின் 126-வது பிரிவு, வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பொதுக்கூட்டம், ஊர்வலம் போன்ற பிரச்சாரம் கூடாது என்கிறது. மைக் அடங்கிவிடும். குடும்ப குரூப்பில் பெரியப்பா அடங்குகிறாரா? வாக்குப்பதிவுக்கு முந்தின இரவு பதினொரு மணிக்கு ஒரு வேட்பாளரைப் பற்றி ஒரு பொய் வருகிறது. அவர் மறுப்புச் சொல்லி, அது ஊர் ஊராய்ப் போய்ச் சேர்வதற்குள் பெட்டிக்குச் சீல் வைத்துவிடுவார்கள். அந்தப் பொய்யை நம்பிப் போட்ட ஓட்டை என்ன செய்வது? அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.