கோலி சோடா விளையாட்டு

நேயர்களுக்கு வணக்கம். அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கும் பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கும் ஒரு புகார் நன்றாகத் தெரிந்திருக்கும். "எங்கள் பிரிவில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது, பக்கத்துப் பிரிவுதான் கெடுக்கிறது." விற்பனைப் பிரிவு கிடங்கைக் குறை சொல்லும், கிடங்கு கொள்முதலைச் சொல்லும், கொள்முதல் கணக்குப் பிரிவைச் சொல்லும். இதற்கு நிர்வாகம் கண்டுபிடித்த மருந்து என்ன? எல்லோரையும் ஒரு விடுதிக்கு அழைத்துப்போய், இசை நாற்காலி ஆடவிட்டு, பலூன் உடைக்கவிட்டு, பிரியாணி போட்டு அனுப்புவது. பிரியாணியில் எனக்குக் குறை இல்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் அதே புகார் தயாராக இருக்கும்.

விளையாட்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நான் அலுவலகங்களில் நடத்துவதே விளையாட்டுப் பட்டறைகள்தான். ஆனால் ஆடுகிறவர்களின் வேலை அந்த விளையாட்டுக்குள் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் நிர்வாகவியல் பள்ளியில் 1960-களிலிருந்து ஆடப்பட்டுவரும் ஒரு விளையாட்டு இருக்கிறது. அதன் பெயர் பீர் விளையாட்டு. பதற வேண்டாம், அதில் ஒரு சொட்டு பீர் கிடையாது. எல்லாம் வில்லைகளும் காகிதச் சீட்டுகளும்தான். இருந்தாலும் அந்தப் பெயரைக் கேட்டால் நம் ஊரில் சிலர் முகம் மலர்கிறது, சிலர் முகம் சுருங்குகிறது. ஆகவே நான் கோலி சோடா என்று மாற்றிக்கொண்டேன்.

நான்கு பேர் வரிசையாக உட்காருகிறார்கள். முதலில் சில்லறைக் கடைக்காரர், அடுத்து மொத்த வியாபாரி, அவருக்குப் பின்னால் விநியோகஸ்தர், கடைசியில் தொழிற்சாலை. கடைக்காரர் தனக்கு எத்தனை பெட்டி சோடா வேண்டும் என்று சீட்டில் எழுதி மொத்த வியாபாரிக்குத் தள்ளுவார், அவர் தன் பங்குக்கு எழுதி அடுத்தவருக்குத் தள்ளுவார். பேசக்கூடாது. சீட்டு போய்ச் சேரவும் சரக்கு வந்து சேரவும் சில வாரங்கள் பிடிக்கும்; விளையாட்டு வாரங்களைத்தான் சொல்கிறேன். சரக்கு தேங்கினால் பெட்டிக்கு இவ்வளவு என்று செலவு. இல்லை என்று கையை விரித்தால் அதைப் போல இரண்டு மடங்கு.

முதல் நான்கு வாரம் வாடிக்கையாளர் வாரத்துக்கு 4 பெட்டி கேட்கிறார். ஐந்தாவது வாரம் 8 கேட்கிறார். அதன் பிறகு கடைசிவரை அதே 8. நேயர்கள் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: வாடிக்கையாளர் மாறியது ஒரே ஒரு முறை.

கடைக்காரர் இருப்பு குறைவதைப் பார்த்து 10 எழுதுவார். சரக்கு வராது, அது வழியில் இருக்கிறது. வழியில் இருப்பதை மறந்து அடுத்த வாரம் 14 எழுதுவார். மொத்த வியாபாரி அந்த 14-ஐப் பார்த்து மிரண்டு 20 எழுதுவார். தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்போது அது 40 ஆகியிருக்கும். பிறகு கேட்டதெல்லாம் ஒன்றாக வந்து இறங்கும். மேசை முழுவதும் சோடா! உடனே எல்லோரும் ஆர்டரை நிறுத்துவார்கள், தொழிற்சாலை ஈ ஓட்டும்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு தாள் கொடுத்து, "வாடிக்கையாளர் வாரா வாரம் எவ்வளவு கேட்டிருப்பார், வரையுங்கள்" என்பேன். தொழிற்சாலையில் இருந்தவர் மலையும் பள்ளத்தாக்குமாக வரைந்து வைப்பார். "இவ்வளவு குழப்பக்கார வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?" என்று என்னிடமே கோபப்படுவார். அப்போது கடைக்காரருக்கு வந்த வாடிக்கையாளர் சீட்டுகளைப் புரட்டிக் காட்டுவேன். 4, 4, 4, 4, பிறகு எல்லாம் 8. கூச்சலைக் கேட்க வேண்டுமே! ஒரே ஒரு முறைதான் மாறினாரா?

எம்.ஐ.டி. பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் இந்த விளையாட்டைப் பற்றி 1989-இல் வெளியிட்ட ஆய்வில், அணிகளுக்கு ஆன சராசரிச் செலவு, ஆகியிருக்க வேண்டிய செலவைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. ஆடியவர்கள் முட்டாள்கள் அல்லர். யார் உட்கார்ந்தாலும் இதே கதைதான், ஏனென்றால் அடுத்த மேசையில் என்ன நடக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. இதை நான் சொற்பொழிவாகச் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். தானே 20 என்று எழுதிய கை அப்படிச் சுலபமாக மறக்காது.

நடத்த விரும்புகிறவர்களுக்கு இரண்டு செய்தி. விற்பனைக்காரரைத் தொழிற்சாலையில் உட்கார வையுங்கள், மேலாளரைக் கடையில் உட்கார வையுங்கள்; அவரவர் இடத்திலேயே அவரவரை வைத்தால் பாதிப் பயன் போய்விடும். இன்னொன்று, ஆட்டம் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் பிறகு பேச வேண்டும். "ஆட்டம் மட்டும் போதும், மதியத்துக்குள் முடித்துவிடுங்கள்" என்று கேட்கும் நிறுவனங்கள் உண்டு. அதற்கு இசை நாற்காலியே போதுமே, செலவும் குறைவு.

லெகோ கட்டைகளைப் பற்றி, அதாவது குழந்தைகள் ஒன்றோடொன்று பொருத்தி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளைப் பற்றி, விரிவாகப் பேசலாம் என்று வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், ஆகவே சுருக்கமாக. எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆறு கட்டைகளைக் கொடுத்து, ஒரு நிமிடத்தில் வாத்து செய்யச் சொல்லுங்கள். வாத்துகளை வரிசையாக வைத்து, ஒவ்வொருவரையும் தன் வாத்தைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். கூட்டங்களில் வாயே திறக்காதவர்தான் அதிகம் பேசுவார். லெகோ நிறுவனம் இந்த மாதிரிப் பட்டறை முறையை 2010-இல் எல்லோரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. கட்டை விலை கட்டுப்படியாகவில்லை என்றால் காலித் தீப்பெட்டிகளும் கொஞ்சம் பசையும் போதும். பசைக்காக இன்னும் இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள். வணக்கம்.