தக்காளி இலை மதியம் தொங்கினால் தண்ணீர் விடலாமா?

அடுத்த கேள்வி பாலக்கோட்டில் இருந்து. "சார், சொட்டுநீர் போட்ட தக்காளி. காலையில் நன்றாக நிற்கிறது. 12 மணிக்கு மேல் இலை தொங்கி, சாயங்காலம் தானாக நிமிர்கிறது. மதியம் இன்னொரு தடவை மோட்டார் போடலாமா?"

வேண்டாம். முதலில் வேர்ப் பக்கம் நான்கு விரல் ஆழம் கிளறிப் பாருங்கள். மண் கையில் ஈரமாக ஒட்டினால் தண்ணீர் இருக்கிறது. இலை தண்ணீரை ஆவியாக வெளியே விடுகிற வேகத்துக்கு வேரால் ஏற்றிக் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. தக்காளிக்கு இரண்டு பக்கமும் உண்டு, அடிப்பக்கம் அதிகம். ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய கரியமில வாயு அதன் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். வழி திறந்தால் உள்ளே இருக்கிற ஈரமும் ஆவியாக வெளியே போகும். வேர் உறிஞ்சுகிற தண்ணீரில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. வீண் என்று நினைக்காதீர்கள். அந்த இழுப்பில்தான் தண்ணீரும், அதில் கரைந்த உரச்சத்தும் மேலே ஏறுகின்றன. இலையின் சூடும் தணிகிறது.

ஒவ்வொரு துளைக்கும் இருபுறமும் இரண்டு காப்பு செல்கள். வெளிச்சம் பட்டதும் அவற்றுக்குள் பொட்டாசியம் போகும், பின்னாலேயே தண்ணீர் போகும். காற்றடித்த சைக்கிள் டியூப் மாதிரி இரண்டும் விறைத்து வளைய, நடுவில் துளை திறக்கும். பொட்டாசியம் வெளியேறினால் தொய்ந்து மூடிக்கொள்ளும். மண் காய்ந்தால் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடி, மூட வைக்கும். மூடினால் தண்ணீர் மிச்சம்தான், ஆனால் கரியமில வாயுவும் வராது, வளர்ச்சி மட்டுப்படும். நம் ராகிக்கு இதில் ஒரு சாமர்த்தியம்: உள்ளே வந்த கொஞ்சம் கரியமில வாயுவையும் விடாமல் பிடித்துக்கொள்ளும், துளையை அகலத் திறக்கத் தேவையில்லை. மானாவாரியில் அது தாக்குப்பிடிக்க இதுவும் ஒரு காரணம். சப்பாத்திக்கள்ளி இன்னும் ஒரு படி மேலே, இரவில்தான் திறக்கும்.

சரி, ஈர மண்ணுக்கே மறுபடி தண்ணீர் விட்டால் என்ன ஆகும்? வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது. அப்போதும் செடி வாடும். அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் விடுவோம்!

விடியற்காலையிலும் தொங்கியே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். மண் காய்ந்திருந்தால் தண்ணீர் கொடுங்கள். ஈரம் இருந்தும் பச்சையாகவே வாடினால், தண்டின் அடிப்பகுதியில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுவாய் நனையும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெள்ளையாக நூல் நூலாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். அந்தச் செடியை வேரோடு பிடுங்கி வயலை விட்டு அப்புறப்படுத்துங்கள். அடுத்த பட்டத்தில் அங்கே கத்தரி, மிளகாய் வேண்டாம், அவற்றுக்கும் இந்த நோய் வரும். ராகி போடுங்கள்.