வந்தவர்களால் ஆன ஊர்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

வடசென்னையில் யாரிடமாவது "உங்களுக்குப் பூர்வீகம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். கடலோர மீனவக் குப்பங்களை விட்டுவிட்டால், அநேகமாக வேறொரு ஊரின் பெயர்தான் பதிலாக வரும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் துணி வெளுக்க வந்தவர்கள் வண்ணாரப்பேட்டையில் குடியேறினார்கள். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த காலட், திருவொற்றியூருக்குப் பக்கத்தில் நெசவாளர்களைக் குடிவைத்தார். அதுதான் இன்றைய காலடிப்பேட்டை. 1856-ல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது. 1876-ல் பக்கிங்காம் மில், 1881-ல் கர்னாடிக் மில். இவற்றை நம்பிச் செங்கல்பட்டிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் தெலுங்கு பேசும் மாவட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். சௌகார்பேட்டைக்குக் குஜராத்திகளும் மார்வாடிகளும் வந்தார்கள்.

அப்புறம் பர்மா. 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்தது, அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் வணிகமும் தேசியமயமாயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள், சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். அவர்களில் பலருக்கு வியாசர்பாடி ஊரானது. 1969-ல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் வந்தது. இன்று சாயங்காலம் அந்தப் பக்கம் போனால், அத்தோ கடையில் நூடுல்ஸோடு முட்டைக்கோஸையும் புளித்தண்ணீரையும் வறுத்த வெங்காயத்தையும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். அதைச் சாப்பிடும் பையனுக்கு அது அகதியாக வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு என்று தெரியாது. அவனுக்கு அது நம்ம ஊர் சாப்பாடு.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது பீகார், ஒடிசா, ஜார்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று பல பக்கங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். "ஊரே மாறிப்போச்சு" என்ற பேச்சும் கூடவே வருகிறது. மாறித்தான் இருக்கிறது. அதற்கான காரணத்தில் பாதி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறக்குறைய 4 பிள்ளைகள். பிறப்பு, இறப்புகளை மத்திய அரசு மாதிரி எடுத்துக் கணக்கிடும் மாதிரிப் பதிவுக் கணக்கில், 2020-ல் அது 1.4. மக்கள்தொகை அப்படியே நிலைத்து நிற்க 2.1 வேண்டும். அதே கணக்கில் பீகாரில் 3.0. நம் பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், பிறந்த பிள்ளைகள் பிழைத்தார்கள், ஒன்றிரண்டு போதும் என்று குடும்பங்கள் முடிவெடுத்தன. இது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் அன்று பிறக்காத பிள்ளை இன்று வேலைக்கு வரமாட்டான். பிறந்தவனும் படித்துவிட்டான், சாரம் ஏறிச் செங்கல் சுமக்க மாட்டான், சுமக்கவும் வேண்டாம். மறுபக்கம், 2021-ல் தமிழ்நாட்டில் நூறு பேரில் 13 பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள் என்றும், 2031-ல் அது 18 பேராகும் என்றும் மத்திய அரசின் மதிப்பீடு சொல்கிறது. முதியோர் உதவித்தொகைக்கும் மருத்துவமனைக்கும் பணம் வேண்டுமானால், உழைக்கும் வயதில் யாராவது இங்கே உழைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, உள்ளூர்க் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி குறைகிறதே, அதற்கு என்ன பதில்? இது நியாயமான கேள்வி. காலையில் தூக்குச்சட்டியோடு வந்து நின்று, மேஸ்திரி யாரைக் கூப்பிடுவார் என்று காத்திருந்து, பத்து மணிக்கு வெறுங்கையோடு வீடு திரும்பும் அம்மாவிடம் போய் மக்கள்தொகைப் புள்ளிவிவரம் பேச முடியாது. ஆனால் கூலியைக் குறைப்பது யார்? ஊர் தெரியாதவன், மொழி தெரியாதவன், தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்துக் கிடப்பவன் பேரம் பேச மாட்டான். அவன் வாய் திறக்காததில் வரும் லாபம் கான்ட்ராக்டருக்குப் போகிறது. ஒரே வேலைக்கு ஒரே கூலி, வந்துபோக வழிச்செலவு என்று 1979-ம் ஆண்டின் மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர் சட்டம் அன்றைக்கே எழுதிவைத்தது. அதை ஒழுங்காக நடத்தியிருந்தால் உள்ளூர்க்காரரின் கூலியும் காப்பாற்றப்பட்டிருக்கும்.

இந்தப் பாடத்தை வடசென்னை ரத்தம் சிந்திப் படித்திருக்கிறது. 1918-ல் பெரம்பூரில், பக்கிங்காம், கர்னாடிக் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற சங்கம். மூன்றே ஆண்டுகளில், 1921 வேலைநிறுத்தத்தில், ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்ப, சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நிற்க, புளியந்தோப்பு பற்றி எரிந்தது. குடிசைகள் கொளுத்தப்பட்டன, துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. உழைப்பவர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றால் சங்கத்துக்கும் பலமில்லை, கூலிக்கும் பாதுகாப்பில்லை. 2023 மார்ச்சில், இங்கே பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவி, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பயத்தை யார் கிளப்பினாலும், இரண்டு ஊர் ஏழைகள்தான் அதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். பதினெட்டு வயதில் ஒரு பையன் சென்ட்ரலில் வந்து இறங்குகிறான். அவனுக்குத் தடுப்பூசி போட்டது, பள்ளியில் சேர்த்தது, சோறு போட்டு ஆளாக்கியது எல்லாம் அவன் ஊர். உழைக்கிற வயதை நமக்குத் தருகிறான். இங்கே அவன் வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் செல்போனிலும் விழும் வரியில் நம் மாநிலத்துக்குப் பங்கு வருகிறது. உடம்பு தளர்ந்தால் ஊருக்குத் திரும்புகிறான், முதுமைச் செலவும் அந்த ஊர் தலையில். அங்கே வயல் வேலையை மனைவியும் வயதான பெற்றோரும் பார்த்துக்கொள்கிறார்கள். அவன் பணம் அனுப்புகிறான், உண்மைதான். ஆனாலும் நாம் பட்டிருக்கும் கடன் பெரிது.

நான் மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஜூன் மாதச் சேர்க்கையில், ஜார்கண்டிலிருந்து வந்த ஒரு தாய் மகளோடு வந்து நின்றார். டிசி கிடையாது, ஆதாரில் பெயர் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி. அந்தக் குழந்தைதான் மொழிபெயர்த்தது. "டீச்சர், அம்மா கேக்குறாங்க, தம்பியையும் கூட்டிட்டு வரலாமா, அவனைப் பாத்துக்க ஆள் இல்ல." பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடியே அவள் தமிழ் கற்றிருந்தாள். அரையாண்டுக்குள் வகுப்பில் நன்றாக வாசிக்கிறவர்களில் ஒருத்தியானாள். ஜனவரியில் அப்பா வேலை செய்த கட்டடம் முடிந்தது. குடும்பம் வேறு சைட்டுக்குப் போனது. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக வரிசையாக ஆப்சென்ட் விழுந்தது. எந்தப் பள்ளியில் சேர்ந்தாள், சேர்ந்தாளா என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

அந்தக் குழந்தை இங்கேயே தங்கிப் படித்தால், குறைந்துகொண்டே போகும் நம் பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடும். நாளைக்கு இங்கே ஒரு நர்ஸ், ஒரு ஆசிரியை. அதனால்தான் கேட்கிறேன்: கட்டட அனுமதி கொடுக்கும்போதே, அங்கே தங்கும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பக்கத்துப் பள்ளி எது என்று எழுதி வாங்க முடியாதா? சைட் மாறினால் பெயரை அடுத்த பள்ளிக்கு அனுப்ப ஒரு பதிவு வைக்க முடியாதா? ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. வேறு மாநிலத்தின் உணவுப் பாதுகாப்புச் சட்ட அட்டை இருந்தாலும் இங்கே அரிசி வாங்கலாம். அரிசிக்கு முடிந்தது படிப்புக்கும் முடியும்.

2011-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடக்காமல் இருந்து, இப்போது 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து எடுப்பதாக அரசு அறிவித்திருக்கிறது. உங்கள் தெருவுக்கும் ஆள் வருவார். மொட்டைமாடித் தகரக்கூரை அறையை ஆறு பசங்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பீர்கள். வரி ஏறுமோ, கேள்வி வருமோ என்று பயந்து "மேலே யாரும் இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். கணக்கெடுப்பில் சொல்வது ரகசியமாக வைக்கப்படும், வரிக்குப் பயன்படுத்த முடியாது, சட்டமே அப்படித்தான். நம் வார்டுக்கு எத்தனை குழாய், எத்தனை கழிப்பறை, எத்தனை வகுப்பறை என்று திட்டமிடுகிறவர்கள் அந்த எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள். வேலை முடிந்து அவர்கள் திரும்பும் நேரத்தைச் சொல்லி, கணக்கெடுக்க வருபவரை மறுபடி வரச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் கூட மாடிக்கு ஏறிப் போங்கள்.

நன்றி, வணக்கம்.