மூன்றடி உயரம்

(ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியத் தோழர்களே, வணக்கம்.

வகுப்பறைக்கு என்ன வண்ணம் அடிப்பது, என்ன சார்ட் ஒட்டுவது என்றெல்லாம் காலையில் பேசிவிட்டார்கள். நான் தரையிலிருந்து மூன்றடி வரை உள்ள சுவரைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நாளை காலை, பிள்ளைகள் வருமுன், உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையின் இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து பாருங்கள். எனக்கு இது தோன்றியதே பணியில் பாதிக் காலம் கழிந்த பிறகுதான். உட்கார்ந்தேன். முத்து முத்தாக நான் எழுதியிருந்த பாடத்தில் பாதியைக் காணோம்! எதிர் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கரும்பலகை கண்ணாடியாய் மின்னியது. அந்த மூலையில் உட்காரும் பையனைக் கவனம் இல்லாதவன் என்று இரண்டு பருவம் திட்டியிருக்கிறேன். அன்றே இடத்தை மாற்றினேன். மன்னிப்புக் கேட்கவில்லை, அந்தக் காலத்து வாத்தியாருக்கு அது வராது.

செயல்வழிக் கற்றல் இங்கிருக்கும் பலருக்கு நினைவிருக்கும்: ஏணிப்படி போல வரைந்து வைத்த வரிசைப்படி பிள்ளைகள் பாட அட்டைகளை எடுத்து, தாங்களே செய்து கற்கும் முறை. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலமெங்கும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அட்டைகளையும் ஏணிப்படிகளையும் பற்றி நிறையச் சண்டை போட்டோம். அட்டை கிழியும், பதிவேடு எழுதி மாளாது, தரையில் உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். எல்லாம் உண்மை. ஆனால் கீழ்மட்டக் கரும்பலகையை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சுவரின் அடிப்பகுதி முழுக்கக் கறுப்புப் பூசி, கோடு பிரித்து, ஆளுக்கொரு கட்டம். அதுவரை பலகைக்கு ஒரு பிள்ளை வருவதென்றால் விடை சொல்லத் தெரிந்தவன் வருவான், அல்லது அடி வாங்கப் போகிறவன் வருவான். கட்டம் கிடைத்த பிறகு தப்பாய் எழுதினால் பிள்ளையே கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதியது. வேடிக்கை பார்க்க யாரும் இல்லை.

தலைக்கு மேல் கம்பிப் பந்தல் போட்டு, பிள்ளைகளின் படங்களைத் தொங்கவிட்டோம். அதிலும் ஒரு கோளாறு. அதிகாரி வருகிறார் என்றால் நன்றாக வரைந்த நான்கு பேரின் படங்களே தொங்கும். நானும் அப்படிச் செய்தவன்தான்.

பாய் விஷயத்தில் என்னிடம் முழுப் பதில் இல்லை. குழுவாய் வேலை செய்யத் தரையைப் போல வசதியான மேசை கிடையாது. நினைத்த நேரத்தில் வட்டம் கூடலாம், கலையலாம். ஒரு தாத்தா பேத்தியை விட வந்தவர் வாசலிலேயே நின்று கேட்டார்: “நாங்கள்தான் காலமெல்லாம் அடுத்தவர் வீட்டுத் திண்ணைக்குக் கீழே உட்கார்ந்தோம். இவளுமா?” கற்பித்தல் முறையை விளக்க வாய் திறந்தவன் மூடிக்கொண்டேன். அவர் கேட்டது பெஞ்சு அல்ல. பிறகு வகுப்பின் ஒரு பக்கம் பெஞ்சு, மறுபக்கம் பாய் என்று வைத்தோம். நானும் பாயில்தான் உட்கார்ந்தேன். அதை அவர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போனதாகப் பிள்ளைகள் சொன்னார்கள்.

2025இல் ‘ப’ வடிவ இருக்கை பற்றிப் பெரிய விவாதம் நடந்ததே, கடைசி பெஞ்சு ஒழியும் என்றார்கள் ஒரு பக்கம், கழுத்து வலிக்கும் என்றார்கள் மறுபக்கம். இரண்டும் சரியே. இருபது பேர் உள்ள அறையில் ‘ப’ அழகாக அமையும். நாற்பத்தைந்து பேரை அதில் அடைத்தால் ‘ப’வுக்குள் இன்னொரு ‘ப’ போட வேண்டும், கடைசி பெஞ்சு வேறு பெயரில் திரும்பி வரும். ஓரத்தில் இருப்பவர்களை வாரம் ஒருமுறை இடம் மாற்றுங்கள். காசு செலவில்லை.

சில படங்கள் கொண்டுவந்திருக்கிறேன். கடைசி வரிசையில் இருப்பவர்களுக்குத் திரை தெரிகிறதா? தூண் மறைக்கிறதா? காலையிலிருந்தேவா? ஏன் ஒருவரும் சொல்லவில்லை? சரி, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வாருங்கள். அதுவரை காத்திருக்கிறேன்.