நகரத்தின் நடுவில் தங்கியவர்கள்

அன்புக்குரியவர்களே, வணக்கம்.

மக்கள் வேலை செய்யும் இடத்துக்கே சபை அனுப்பும் ஊழியரான சாப்ளினின் பணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்; அதற்கு முன் ஒரு பழைய கதை. நகரம் வளர்ந்தால் அங்குள்ள சபையும் வளரும் என்றுதான் நினைப்போம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் நடந்தது வேறு. வசதி வந்த மெதடிஸ்ட் குடும்பங்கள் புறநகருக்குக் குடிபோய்விட்டன. ஓல்டம் தெருவில் 1781இல், மெதடிஸ்ட் என்ற அந்தக் கிறிஸ்தவ இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியே வந்து திறந்துவைத்த ஆலயத்தில் ஆள் குறைந்துகொண்டே போனது. தெருவிலோ கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. பக்கத்து ஆன்கோட்ஸின் பஞ்சாலைத் தொழிலாளர்கள், வேலை தேடி வந்தவர்கள், இரவு படுக்க இடமில்லாதவர்கள், எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். உள்ளே வரவில்லை, அவ்வளவுதான்.

ஏன் வரவில்லை? பக்தி இல்லை என்று சொல்லிவிட்டால் அது அநியாயம். அந்தக் கால ஆலயங்களில் இருக்கைக்கு வாடகை உண்டு. நல்ல இடமெல்லாம் காசு கட்டிய குடும்பத்துக்கு, மிச்சமிருப்பது ஏழைக்கு. கிழிந்த சட்டையோடு அங்கே போய் உட்கார யாருக்கு மனம் வரும்?

அந்த இடத்தை விற்றுவிட்டு மெதடிஸ்ட் சபையாரும் புறநகருக்கே போயிருக்கலாம். போகவில்லை. பழைய ஆலயத்தை இடித்து, அதே இடத்தில் 1886இல் சென்ட்ரல் ஹாலைத் திறந்தார்கள். அப்புறம் பிரிட்டனின் பல நகரங்களில் இப்படிப்பட்ட ஹால்கள் எழுந்தன. உள்ளே போனால் நாடக அரங்கம் மாதிரி இருக்கும்: மடக்கு இருக்கைகள், பெரிய மேடை. தெருவோரம் வாடகைக்குக் கடைகள். சனிக்கிழமை இரவு மதுக்கடைக்குப் போகிறவரை இழுக்கக் குறைந்த கட்டணத்தில் இசைக் கச்சேரி. இதெல்லாம் ஆலயமா என்று முகம் சுளித்தவர்களும் இருந்திருப்பார்கள். என் மனம் அந்த மடக்கு இருக்கையின் பக்கம்தான். யார் வந்தாலும் அவர் இடம்தான் அது.

மான்செஸ்டர் பணியை நடத்தியவர் சாமுவேல் காலியர். பசித்தவருக்குச் சாப்பாடு, ஆதரவற்ற ஆண்களுக்குத் தங்குமிடம், அங்கேயே செய்ய ஒரு வேலை என்று அது விரிந்தது. அன்றைய மெதடிஸ்ட் ஒழுங்குப்படி ஒரு போதகர் மூன்று ஆண்டுக்கு மேல் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. காலியரோ 1921இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். விதியைத் தளர்த்தியதால்தான் அந்தப் பணி நிலைத்தது என்பது என் கருத்து.

லண்டனில் 1887இல் ஹ்யூ பிரைஸ் ஹ்யூஸ் மேற்கு லண்டன் மிஷனைத் தொடங்கினார். அவருடைய மனைவி கேத்தரின் திரட்டிய 'மக்களின் சகோதரிகள்' சேரி வீடுகளுக்குள் போனார்கள், நோயாளிகளைக் கவனித்தார்கள். மேடையில் பேசியவரின் பெயரே அதிகம் நினைக்கப்படுகிறது; படியேறிக் கதவைத் தட்டிய அந்தப் பெண்களை நான் அவருக்குச் சமமாகவே வைப்பேன். 1936 முதல் 1978 வரை அதே மிஷனை நடத்திய டொனால்ட் சோப்பர், டவர் ஹில்லிலும் ஹைட் பார்க்கிலும் திறந்தவெளியில் நின்று, குறுக்குக் கேள்வி கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னார்.

சரி, இன்றைய சாப்ளின் பணிக்கு வருவோம். ஹாலில் நாம் வீட்டுக்காரர், வருகிறவர் விருந்தாளி. சாப்ளின் போகும் கடையிலோ அலுவலகத்திலோ பேருந்துப் பணிமனையிலோ நாம்தான் விருந்தாளி. முதலாளி அனுமதித்தால்தான் உள்ளே போக முடியும். அங்கே பிரசங்கம் கிடையாது. நிர்வாகத்தின் ஆளாகவும் இருக்கக் கூடாது, தொழிற்சங்கத்தின் ஆளாகவும் இருக்கக் கூடாது. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. எந்த மதத்தவரானாலும், மதமே வேண்டாம் என்பவரானாலும் ஒரே கவனிப்பு.

முதல் சில மாதங்கள் வெறும் "எப்படி இருக்கீங்க" என்பதோடு போய்விடும். கல்லாவில் நிற்கும் பெண் வரிசையை விட்டு வந்து பேச முடியாது. அவர் இடைவேளை நேரம் தெரிந்து, வாரம்தோறும் அதே நாளில் போனால், என்றாவது ஒருநாள் அம்மாவின் நோயைப் பற்றியோ அடைக்க முடியாத கடனைப் பற்றியோ பேச்சு வரும். முகம் மாறிக்கொண்டே இருந்தால் அந்தப் பேச்சு வரவே வராது.

அதனால் சபைப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பணிக்கு ஒருவரை அனுப்பினால், எத்தனை பேர் ஆலயத்துக்கு வந்தார்கள் என்று முதல் ஆண்டிலேயே கணக்குக் கேட்காதீர்கள். அவருக்குச் சம்பளமும் வாரத்தில் ஓய்வு நாளும் உறுதியாகக் கொடுங்கள். கடைக்காரர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கும் நேரத்தில் வேறு ஊருக்கு மாற்றிவிடாதீர்கள்.